பழைய படத்தில் ஒரு ஜெர்மன் விமானம்

எங்கள் எதிர்வீட்டு நண்பர் கன்னடக்காரர். பெங்களூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே உள்ள பாக்கியம், நாலு மொழியும் நாக்கில் நிற்கும். என்னோடு தமிழில்தான் பேசுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சட்டம் போட்ட படம் ஒன்றைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஸார், நீங்கதானே ஏரோப்ளேன் ஃபேக்டரியில இருந்தவரு? இது ஃபோக்கர்தான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பையன் கீழே எழுதி மாட்டணுங்கறான்."

பையன் எழுதி வைத்திருந்த வாசகத்தையும் காட்டினார். "எங்கள் கொள்ளுத்தாத்தாவின் படை கைப்பற்றிய, ரெட் பேரன் ரிக்ட்ஹோஃபனின் சிவப்பு ஃபோக்கர்." செப்டம்பர் 23 அன்று எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஹைஃபா தினத்துக்கு அதை வைப்பதாக ஏற்பாடு.

நான் முப்பத்து மூன்று வருஷம் டிராயிங் ஆபீசில் பென்சில் பிடித்தவன். விமானத்தைப் பார்த்தால் முதலில் அதன் பெயரைக் கேட்க மாட்டேன், எந்தக் கட்டை எங்கே போகிறது என்றுதான் பார்ப்பேன். முதல் உலகப் போர் விமானங்களின் பழைய படங்களைப் பார்ப்பது ரிடையர் ஆவதற்கு முன்பிருந்தே எனக்குள்ள பைத்தியம். ஆகவே, "ஒரு வாரம் விட்டுட்டுப் போங்க" என்றேன். அந்த ஒரு வாரத்தில் நான் என்ன பார்த்தேன், எப்படிப் பார்த்தேன் என்பதுதான் இந்தக் கட்டுரை. நம் வீடுகளிலும் பரணில் இப்படிப் பெட்டிகள் இருக்கின்றன. யாருக்காவது பயன்படலாம்.

நம் தாத்தா பாட்டிகளுக்கு அந்தப் போர் என்றால் எம்டன் கப்பல்தான். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள்மேல் குண்டு போட்டுவிட்டுப் போனது. "அவன் பெரிய எம்டன்" என்று இன்னமும் சொல்கிறோம். ஆனால் மைசூர் சமஸ்தானத்தின் குதிரைப்படையான மைசூர் லான்சர்ஸ் எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் நாலு வருஷம் இருந்தது பலருக்குத் தெரியாது. 1918 செப்டம்பர் 23 அன்று ஜோத்பூர் லான்சர்களும் மைசூர் லான்சர்களும் ஈட்டியும் வாளுமாக ஹைஃபா நகரைப் பிடித்தார்கள். டில்லியில் இருக்கும் நம்மவர்களுக்குத் தீன்மூர்த்தி சிலைகள் தெரிந்திருக்கும். அந்த மூன்று வீரர்கள் ஜோத்பூர், மைசூர், ஹைதராபாத் லான்சர்களைக் குறிப்பவர்கள். பெங்களூரில் ஜே.சி. நகரில் மைசூர் லான்சர்களுக்குத் தனியாகவே ஒரு நினைவுத்தூண் உண்டு. நண்பரின் தாத்தா அந்தப் படையில் குதிரை வீரர்.

படத்தைச் சொல்கிறேன். மணல் தரையில் இரண்டடுக்கு இறக்கை விமானம் ஒன்று. முன்பக்கம் தெரிகிறது. காற்றாடி இல்லை, யாரோ கழற்றிவிட்டார்கள். கீழ் இறக்கைத் துணி கிழிந்து தொங்குகிறது. தலைப்பாகை கட்டிய ஐந்து பேர் பக்கத்தில் நிற்கிறார்கள். உடம்புப் பகுதியில் பெரிய சிலுவை. விமானம் முழுக்க ஒரே இருட்டு நிறம். அதனால்தான் பையன் "சிவப்பு" என்று முடிவு கட்டியிருந்தான். கம்ப்யூட்டரில் போட்டு வண்ணம் பூசியும் பார்த்திருந்தான், அது என்னவோ ராணுவப் பச்சையில் பூசிக் கொடுத்தது. இந்த மாதிரி வண்ணம் பூசும் மென்பொருளை நம்பவே நம்பாதீர்கள். அது பார்த்துச் சொல்வதில்லை, ஊகித்துச் சொல்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது, படமே நேராக இருக்கிறதா, இடம் வலம் மாறியிருக்கிறதா என்பது. கண்ணாடி நெகடிவைத் திருப்பிப் போட்டு அச்செடுத்தால் எல்லாம் தலைகீழ். எழுத்து எதுவும் இல்லாத படத்தில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஜெர்மன் விமானிகள் படத்தில் இருந்தால் அயர்ன் க்ராஸ் முதல் வகுப்புப் பதக்கம் இடது மார்பில் இருக்க வேண்டும். வலது மார்பில் இருந்தால் படம் திரும்பியிருக்கிறது. ஆண்களின் கோட்டுப் பொத்தான் பக்கமும் சொல்லிவிடும். நம் படத்தில் எஞ்சின் புகைக்குழாய் விமானத்தின் வலப்பக்கம் இருந்தது. மெர்ஸிடிஸ் எஞ்சினுக்கு அது சரியான இடம். சரி, படம் நேரானது.

அடுத்தது சிலுவை. இதை மட்டும் ஒழுங்காகப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். 1914-இல் போர் தொடங்கிய சில வாரங்களில் ஜெர்மானியர்கள் விமானத்தில் இரும்புச் சிலுவைச் சின்னத்தைப் போடத் தொடங்கினார்கள். கைகள் நடுவில் ஒடுங்கி, நுனியில் விரியும், ஓரம் வளைந்திருக்கும். முதலில் அதை வெள்ளைச் சதுரத்துக்குள் போட்டார்கள். பிறகு சதுரம் போய், சிலுவையைச் சுற்றி வெள்ளைக் கோடு மட்டும் நின்றது. 1918 மார்ச் 20-ஆம் தேதி ஓர் உத்தரவு வந்தது: வளைவு வேண்டாம், நேர்கோட்டுச் சிலுவை போடு என்று. தூரத்திலிருந்து சட்டென்று தெரியவேண்டும் என்பது நோக்கம். ஜெர்மன் மொழியில் இதற்கு பால்கன்க்ராய்ஸ் என்று பெயர், உத்தரச் சிலுவை என்று பொருள். வீட்டு உத்தரம் இரண்டைக் குறுக்கே வைத்த மாதிரி இருக்கும். ஏப்ரல் 15-க்குள் எல்லா விமானத்திலும் மாற்றிவிட வேண்டும் என்று கெடு.

உத்தரவு போட்டவன் பெர்லினில் இருக்கிறான், பெயிண்ட் அடிப்பவன் களத்தில் இருக்கிறான். அவசர அவசரமாகப் பழைய சிலுவையின் மேலேயே நேர்கோடு போட்டு, மிச்சமிருந்த வளைவை அழித்தார்கள். அது முழுசாக அழியாது. வெயிலில் பட்டால் அடியில் இருக்கும் பழைய சிலுவை நிழல் மாதிரி எட்டிப் பார்க்கும். நம் படத்தில் அப்படித்தான் இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் நேர்ச்சிலுவையின் நுனியில் இரண்டு பக்கமும் மங்கலான வளைவு தெரிந்தது. ஆகவே இந்த விமானம் 1918 மார்ச்சுக்கு முன் தயாரானது, அந்த உத்தரவுக்குப் பிறகு படம் எடுக்கப்பட்டது. படத்தின் பின்னால் "பாலஸ்தைன், 1918" என்று பென்சிலில் எழுதியிருந்ததும் இதனோடு ஒத்துப்போனது. இன்னொன்றும் தெரிந்தது. துருக்கியருக்குக் கொடுக்கப்பட்ட விமானங்களில் வெள்ளை ஓரம் வைத்த கறுப்புச் சதுரம் போடுவார்கள். இதில் சிலுவை இருக்கிறது, ஆகவே இது ஜெர்மானியர்களே ஓட்டியது.

இனி நிறம். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

அந்தக் காலத்துப் புகைப்படக்காரர்கள் பெரும்பாலும் பயன்படுத்திய ப்ளேட்டுகளுக்கும் பிலிமுக்கும் ஆர்த்தோக்ரோமாடிக் என்று பெயர். அவற்றுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கறுப்பாக விழும், மஞ்சளும் நாம் எதிர்பார்ப்பதைவிட இருட்டாக விழும், நீலமோ வெளுத்துப்போய் கிட்டத்தட்ட வெள்ளையாக விழும். வேறெங்கும் போக வேண்டாம், உங்கள் வீட்டில் பாட்டியின் கல்யாணப் படம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அரக்குக் கூறைப்புடவை கறுப்பாக இருக்கும். நெற்றியில் குங்குமம் மையிட்ட மாதிரி இருக்கும். மஞ்சள் பூசிக் குளித்த முகம் இருண்டிருக்கும். "பாட்டி அவ்வளவு கறுப்பில்லையேடா" என்று பெரியவர்கள் சொல்வது உண்மைதான், குற்றம் பிலிமினுடையது.

விமானப் படத்தில் இது நல்ல உபகாரமும் செய்யும். பிரிட்டிஷ் விமானத்தின் வட்டச் சின்னத்தில் நடுவில் சிவப்பு, வெளி வளையம் நீலம். பிரெஞ்சுக்காரர்களுடையதில் நடுவில் நீலம், வெளியே சிவப்பு. ஆகவே கறுப்பு வெள்ளைப் படத்தில் நடுவில் கறுப்புப் பொட்டும் வெளியே வெளிறிய வளையமும் இருந்தால் பிரிட்டிஷ், அதற்கு நேர்மாறாக இருந்தால் பிரெஞ்சு. ஒரே நொடியில் பிரித்துவிடலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சிவப்பு கறுப்பாக விழும் என்பதால், கறுப்பாக விழுந்ததெல்லாம் சிவப்பு ஆகிவிடாது. மஞ்சளும் இருண்டுதான் விழும். படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்தேன். உடம்புப் பகுதி முழுக்க ஒரே நிறம் இல்லை. பலகை பலகையாகப் பிரிந்து, ஒன்று கொஞ்சம் அதிக இருட்டு, பக்கத்தது கொஞ்சம் வெளுப்பு. பெயிண்ட் அடித்திருந்தால் இந்த வித்தியாசம் மூடிப்போயிருக்கும். இது பெயிண்ட் இல்லை, வார்னிஷ். வார்னிஷுக்கு அடியில் மரம். ப்ளைவுட் தகடுகளை வளைத்து ஒட்டிச் செய்த உடம்பு.

இதுதான் பெரிய திருப்பம். ஃபோக்கர் கம்பெனி தன் போர் விமானங்களின் உடம்பை இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து, மேலே துணி போர்த்திச் செய்தது. மர உடம்பு ஆல்பட்ராஸ் கம்பெனியின் கைவேலை. ஆக, இது ஃபோக்கர் இல்லவே இல்லை.

ஜெர்மானியர்கள் பெயர் வைத்த முறையையும் இங்கே சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல் எந்தப் புத்தகமும் படிக்க முடியாது. கம்பெனி பெயர், அப்புறம் ஓர் எழுத்து, அப்புறம் வரிசை எண். எழுத்துதான் ஜாதகம். பி என்றால் ஆயுதமில்லாத, இருவர் செல்லும் இரட்டை இறக்கை விமானம். சி என்றால் அதுவே ஆயுதத்தோடு. ஈ என்றால் ஒற்றை இறக்கைப் போர் விமானம். டி என்றால் ஒருவர் ஓட்டும் இரட்டை இறக்கைப் போர் விமானம். ஜி பெரிய குண்டுவீச்சு விமானம், ஆர் அதைவிட ராட்சதம். மூன்றடுக்கு இறக்கைக்கு டிஆர் என்று இரண்டு எழுத்து. வால் பகுதியில் இந்த எழுத்தோடு ஓர் எண்ணும் சாய்கோடு போட்டு ஆண்டும் எழுதுவார்கள். 425/17 என்றால் 1917-ஆம் ஆண்டு ஆர்டரில் 425-ஆவது எண். புது வருஷம் பிறந்தால் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

நம் படத்தில் அந்த எண்ணைப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் எப்போதோ சட்டம் போட்டவர், கண்ணாடிக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தை அழகாகக் கத்தரித்துவிட்டார். வால் போச்சு. எண்ணும் போச்சு. தயவுசெய்து பழைய படத்தின் ஓரத்தை மட்டும் யாரும் வெட்டாதீர்கள்.

எண் இல்லாவிட்டால் என்ன, கட்டைகள் இருக்கின்றனவே! மேல் இறக்கையையும் கீழ் இறக்கையையும் இணைக்கும் தாங்குகட்டைகளைப் பாருங்கள். ஆல்பட்ராஸ் டி-1, டி-2 இரண்டிலும் பக்கத்துக்கு இரண்டு கட்டைகள் இணையாக நிற்கும். கீழ் இறக்கையும் நல்ல அகலம். 1916 கடைசியில் வந்த டி-3-இல் பிரெஞ்சு நியூபோர் விமானத்தைப் பார்த்துக் கீழ் இறக்கையை ஒல்லியாக்கினார்கள். ஒல்லி இறக்கைக்குள் ஒரே ஓர் உள்கட்டைதான் வைக்க முடியும், ஆகவே வெளித் தாங்குகட்டை இரண்டும் கீழே ஒரு புள்ளியில் சேர்ந்து ஆங்கில வி எழுத்து மாதிரி ஆகிவிட்டது. பார்வை நன்றாக இருந்தது, வேகமாக ஏறியது, ஆனால் தலைகுப்புறப் பாயும்போது கீழ் இறக்கை முறுக்கிக்கொள்ளும். 1917 ஜனவரி 24 அன்று ரிக்ட்ஹோஃபன் ஓட்டிய டி-3-இன் கீழ் இறக்கையே பறக்கும்போது விரிசல் விட்டது, எப்படியோ தரையிறங்கிப் பிழைத்தார். டிராயிங் ஆபீஸ்காரனாகச் சொல்கிறேன், ஒரு கட்டையைக் குறைத்து மிச்சம் பிடித்த கனத்துக்கு எத்தனை பையன்கள் உயிரைக் கொடுத்தார்கள் என்று நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

நம் படத்தில் வி எழுத்து தெளிவாகத் தெரிகிறது. ஆகவே டி-3, அல்லது அடுத்து வந்த டி-5, டி-5ஏ. டி-5 குடும்பத்துக்கு உடம்பு முட்டை வடிவம், பக்கங்கள் உருண்டிருக்கும். டி-3-க்குப் பக்கங்கள் தட்டை. நம்முடையது தட்டை. டி-5-க்கு இறக்கை நுனியை அசைக்கும் கம்பி மேல் இறக்கைக்குள்ளேயே ஓடும். டி-3-இல் கம்பி கீழ் இறக்கை வழியாகப் போய், வெளியே செங்குத்தாக மேலேறும். படத்தில் அந்தச் செங்குத்துக் கம்பி மயிரிழை மாதிரி தெரிந்தது. இது டி-5ஏ-விலும் உண்டு என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. தட்டைப் பக்கத்தோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கடைசிச் சாட்சி எனக்கு மிகவும் பிடித்தது. மேல் இறக்கையில் ரேடியேட்டர். ஐரோப்பாவில் பறந்த டி-3-க்கு ஒன்றுதான். முதலில் அதை விமானியின் தலைக்கு நேர் மேலே வைத்தார்கள். குண்டு பட்டால் கொதிக்கும் தண்ணீர் ஆள் முகத்தில் கொட்டியது, ஆகவே வலப்பக்கம் தள்ளி வைத்தார்கள். ஆனால் பாலஸ்தீனத்துக்கு அனுப்பிய டி-3-களுக்கு அந்த ஊர் வெயிலை நினைத்து இரண்டு ரேடியேட்டர் வைத்தார்கள். நம் படத்தில் மேல் இறக்கையின் அடியில், நடுவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இரண்டு கறுப்புக் கட்டங்கள். இரண்டிலிருந்தும் குழாய். அதற்குமேல் என்ன வேண்டும்!

பிறகு ஏன் எல்லோரும் ஃபோக்கர் என்கிறார்கள்? பிரிட்டிஷ் சிப்பாய்க்கு 1914-இல் வானத்தில் தெரிந்த ஜெர்மன் விமானமெல்லாம் டாப. புறா என்று பொருள். எட்ரிக் என்பவர் பறக்கும் விதை ஒன்றின் வடிவத்தைப் பார்த்து இறக்கை செய்ததற்குப் புறா என்று பெயர் விழுந்தது தனிக்கதை. 1915-இல் ஃபோக்கர் ஐன்டெக்கர் வந்து, சுழலும் காற்றாடிக்கு நடுவே சுட்டது. அதன்பின் எல்லாமே ஃபோக்கர். போர் முடிந்த நவம்பர் 1918 ஒப்பந்தத்தில் ஒப்படைக்க வேண்டிய 1,700 விமானங்களைச் சொல்லும்போது ஃபோக்கர் டி-7-ஐ மட்டும் பெயர் சொல்லிக் கேட்டார்கள் என்றால் அதன் மதிப்பைப் பாருங்கள். நம் நாட்டு இந்திர லால் ராய், கல்கத்தாப் பையன், 1918 ஜூலையில் இரண்டே வாரத்துக்குள் பத்து விமானங்களை வீழ்த்தியவர், ஜூலை 22 அன்று பிரான்சில் இந்த டி-7-களோடு மோதித்தான் உயிர்விட்டார். அப்போது வயது பத்தொன்பது. அவருடைய மருமகன் சுப்ரதோ முகர்ஜிதான் பின்னாளில் நம் விமானப்படையின் முதல் இந்தியத் தளபதி.

ரிக்ட்ஹோஃபன் விஷயம் சுலபம். அவர் பாலஸ்தீனத்தில் பறந்ததே இல்லை. 1918 ஏப்ரல் 21 அன்று பிரான்சில், 425/17 என்ற சிவப்பு மூன்றடுக்கு ஃபோக்கரில் இறந்தார். அதற்கு ஐந்து மாதம் கழித்துத்தான் ஹைஃபா. மூன்றடுக்கு விமானத்தில் மொத்தம் 320-தான் செய்தார்கள், அசல் ஒன்றுகூட இன்று உலகத்தில் இல்லை. அவர் வீழ்த்திய 80-இல் பெரும்பாலானவை மூன்றடுக்கில் வீழ்த்தியவையும் இல்லை, ஆல்பட்ராஸ் போன்ற இரண்டடுக்கு விமானங்களில்தான். படத்தில் இருப்பதற்கு இறக்கை இரண்டே அடுக்கு. எண்ணிப் பார்த்திருந்தாலே போதும், ஆசை எண்ண விடவில்லை.

வாரம் முடிந்து நண்பரை அழைத்துச் சொன்னேன். பையனும் கூட வந்திருந்தான். முகம் தொங்கிப்போச்சு. "அங்கிள், ரெட் பேரன் இல்லேன்னா யாரு நின்னு பாப்பாங்க?" என்று கேட்டான். நண்பர் ஒன்றும் பேசவில்லை. அவருடைய அக்கா, எண்பது தாண்டியவர், எங்கள் சமையலறையில் என் மனைவியோடு காபி குடித்துக்கொண்டிருந்தவர், "ஆல்பட்ராஸோ கீல்பட்ராஸோ, அது மரமா?" என்று உள்ளிருந்தே கேட்டார்.

"ஆமாங்க அக்கா. மரம்தான். வார்னிஷ் போட்ட ப்ளைவுட்."

"மஞ்சளா?"

"மஞ்சள்தான். தேன் கலந்த மஞ்சள். படத்தில கறுப்பா விழுந்திருக்கு."

அந்த அம்மாள் டம்ளரை வைத்துவிட்டு ஹாலுக்கு வந்துவிட்டார். தாத்தா உயிரோடிருந்தபோது இவருக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. அவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்வாராம்: அந்த ஜெர்மன்காரன் விமானம் பலா மரத்து வீணை நிறம், தட்டினால் வீணைக் குடத்தைத் தட்டின மாதிரி ஒலிக்கும், மத்தவங்க இறக்கைத் துணியிலிருந்த சிலுவையைக் கத்தியால் கீறி எடுத்துட்டுப் போனாங்க, உடம்பிலிருந்ததை எடுக்க முடியலை, மரம் என்று. வீட்டில் எல்லோரும் சிரிப்பார்களாம். மரத்தில் ஏரோப்ளேனா, அதுவும் வீணை மாதிரியா, கிழவர் அளக்கிறார் என்று. படத்தைக் காட்டி, "பாருங்க, கறுப்பாத்தானே இருக்கு" என்று மகன்களே மடக்குவார்களாம். கடைசிக் காலத்தில் அவர் அந்தக் கதையைச் சொல்வதையே விட்டுவிட்டாராம்.

"அஜ்ஜ சுள்ளு ஹேளலில்ல," என்றார் தம்பியைப் பார்த்து. தாத்தா பொய் சொல்லவில்லை. அதையே இரண்டு தடவை சொன்னார்.

பையன் படத்தை வாங்கிப் பூதக்கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்தான். பலகை பலகையாகத் தெரியும் இடத்தை நான் விரலால் காட்டினேன். பிறகு என்னிடம் ஒரு தாள் கேட்டான்.

செப்டம்பர் 23 அன்று படத்தின் கீழே இப்படி இருந்தது: "ஆல்பட்ராஸ் டி-3, பாலஸ்தீனம், 1918. மர உடம்பு, இரண்டு ரேடியேட்டர். நிறம்: பலா மரத்து வீணை நிறம். இந்தத் தகவலைச் சொன்னவர், படத்தில் இடமிருந்து இரண்டாவதாக நிற்பவர்."